சாம்பல் சரிவு மூடியிருக்கிறது

ஜனவரி 11, ஞாயிறு

ஆற்றங்கரைப் பாதை: பனி நன்றாக இறுகியிருக்கிறது, நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். நிழல் ஓடை: முழுக்க ஐஸ், பூட்ஸுக்கு மேல் வழுக்காத இரும்பு முள்பட்டை மாட்டாமல் போக வேண்டாம். சாம்பல் சரிவு: மான்களுக்காக மூடியிருக்கிறது, ஏப்ரல் 15 வரை.

இன்றைக்கும் பாதைக் குழுவின் இணையப் பக்கத்தில் இதைத்தான் ஏற்றினேன். வேட் விடிகாலையில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வான், நான் எழுதுவேன். குழுவுக்குத் தலைவன் அவன், என் புருஷன். சம்பளமில்லாத குமாஸ்தா நான். ஊரில் பாதிப் பேர் இதைப் படித்துவிட்டுத்தான் பூட்ஸை எடுப்பார்கள்.

'நிழல் ஓடை' என்று அடிக்கும்போது விரல் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை அங்கேதான் எங்கள் மகள் ஜூனி விழுந்தாள். வேட் அவளைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான். கழுத்தில் சிவப்பு மஃப்ளர் சுற்றியிருக்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் சிவப்பு மஃப்ளரே கிடையாது. அது உறைக்க எனக்கு எவ்வளவு நேரமாயிற்று! நாலு வயசுக் குழந்தையின் மோவாயில் தையல். அவள் டாக்டரிடம் ஸ்டிக்கர் கேட்டு வாங்கிக்கொண்டாள். அழுததெல்லாம் நான்.

அவள் சட்டையை வேட் அலசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். இனிமேல் ஐஸ் இருக்கிற இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்றேன்.

"பிரென், இது ஜனவரி. நம்ம ஊரு மலை மேல இருக்கு."

"ஒரு துளி ஐஸ்கூட இருக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினான்.

ஜனவரி 14, புதன்

ஓட்டிஸ் விடிய விடிய என் மேலேயே கிடந்தான். மூன்று மாதக் குழந்தைக்கு இவ்வளவு பிடிவாதமா? காலையில் வேட் ஜூனியை வெளியே அழைத்துப் போனதால் கொஞ்சம் தூங்கினேன். எழுந்ததும் முதலில் அவள் மோவாயைத்தான் பார்த்தேன்.

ஜனவரி 21, புதன்

நல்ல நாள். நல்ல நாள் என்று எழுதவே பயமாக இருக்கிறது.

குளிர்காலத்தில் வேட்டுக்குத் தச்சு வேலை கிடையாது. அதனால் தினமும் விடிந்ததும் ஜூனியை சைக்கிளின் முன் இருக்கையில் உட்கார வைத்துக் கிளம்பிவிடுகிறான். பருத்த டயர் என்பதால் பனியில் வழுக்காது என்கிறான். பத்து மணிவாக்கில் திரும்பி வருகிறார்கள். அவள் கன்னம் ஆப்பிள் மாதிரி இருக்கிறது. ஓட்ஸ் கஞ்சியை மறு பேச்சில்லாமல் சாப்பிடுகிறாள். எங்கே போனீர்கள், வழுக்கியதா என்று தினமும் கேட்கிறேன். "ஐஸே இல்ல. காஞ்ச தரை," என்கிறான். ஆற்றங்கரையில் வெயில் விழும் இடமாகப் பார்த்துப் போகிறான் போலிருக்கிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். என் அதிர்ஷ்டம்.

பால் வாங்கப் போன இடத்தில் ரஸ் ஹால்வர்சனைப் பார்த்தேன். ஊரின் கடைசி வீடு அவருடையது. அதைத் தாண்டினால் சாம்பல் சரிவின் கேட்தான். கராஜில் பனிக் காலணியும் ஸ்கீயும் வாடகைக்கு விடுகிறார். விடியும் முன்னே பனி வண்டியில் போய் ஆற்றங்கரைப் பாதையை அமுக்கிச் சமப்படுத்துவதும் அவர்தான். "தலைவர் எப்படி இருக்காரு? இன்னும் எதையாவது மூடப் போறாரா? என் கராஜ் கதவு மட்டும்தான் பாக்கி," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரிவை மூடும் தீர்மானத்தை எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் அவர். 'மானுக்கு மலையில இடம் ஒதுக்குறீங்க, என் பொண்ணுக்கு இந்த ஊர்ல ஒரு வீடு வாங்க வக்கில்ல' என்று போன இலையுதிர் காலக் கூட்டத்தில் சொன்னார். அன்றிலிருந்து அவரை யாருக்கும் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எனக்கும்தான்.

ஜனவரி 26, திங்கள்

ராத்திரி தரை உறையவே இல்லை. எல்லாப் பாதையும் தொளதொளத்துக் கிடக்கிறது. 'டயர்த் தடம் விரல் மொத்தத்துக்குப் பதிந்தால் திரும்பிவிடுங்கள்' என்று பெரிய எழுத்தில் ஏற்றினேன். வேட்டும் ஜூனியும் இன்று ரொம்பத் தாமதமாக வந்தார்கள். அவன் சைக்கிளை வெந்நீர் விட்டுக் கழுவினான். பனிக்காலத்தில் யாராவது சைக்கிளைக் கழுவுவார்களா?

ஜனவரி 27, செவ்வாய்

முறையாக எழுத முடியுமா தெரியவில்லை.

மத்தியானம் மார்ட்டா வேகா வந்தார். வனவிலங்கு அதிகாரி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாம்பல் சரிவில் யாரோ சைக்கிள் ஓட்டியிருக்கிறார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் மேலே வரைக்கும் களிமண்ணில் ஆழமாகத் தடம். மான் கூட்டம் மிரண்டு கீழே ஓடி வந்திருக்கிறது. கீழே அந்தப் பழைய முள்கம்பி வேலி. இரண்டு பெண் மான்கள் அதில் சிக்கிக்கொண்டன. ஒன்று நேற்றே செத்துவிட்டது. இன்னொன்று காலையில் அவர் போகும்போது உயிரோடு இருந்தது. அவர்தான் அதை — வேண்டாம். அவர் அதைச் சொன்ன விதத்தை எழுத வேண்டாம்.

"இந்த மாசத்துல அதுங்க வயித்துக்குத் தின்னு வாழறதில்லம்மா. உடம்புல இருக்கிறதைச் செலவழிச்சு வாழுது. சும்மா நின்னாலே தேயுது," என்றார். எனக்குத் தெரியாதா? அந்தக் கேட்டில் தொங்கும் பலகைக்கு வாசகம் எழுதியவளே நான்தானே. தெற்குப் பார்த்த சரிவு, வெயில் நேராக அடிக்கும், பனி தங்காது, புதர் வெளியே தெரியும். குளிர்காலத்தில் மானுக்கு அதைவிட்டால் வேறிடமில்லை. சைக்கிள்காரனுக்கும் காய்ந்த தரை அங்கே மட்டும்தான். அதனால்தானே பூட்டே போட்டோம்.

வேட் என் பின்னால் நின்றிருந்தான். "இப்படி யாரு செய்வாங்க," என்றான்.

"பூட்டு உடையல. கேட்டுக்கு மேல தூக்கிப் போட்டிருக்கணும்," என்றார் மார்ட்டா.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பெயர். ரஸ்.

ஜனவரி 28, புதன்

மான் எப்படிக் கத்தும்? இத்தனை வருஷம் மலையில் இருந்தும் நான் கேட்டதில்லை. மார்ட்டா கேட்டிருக்கிறார்.

ஜனவரி 31, சனி

ஒரு சின்ன விஷயம். இதை எழுதுவதே அசட்டுத்தனமோ என்னவோ.

ஜூனியின் பூட்ஸ் ஹீட்டருக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அடிப்பாகத்தின் பள்ளங்களில் ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது. வெண்ணெய்க் கத்தியால் நெம்பினேன். சாம்பல் நிறம். ஈரத்தில் பசை மாதிரி ஒட்டி, காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகும் களி. நான் கல்லூரியில் மண்ணியல் படித்தவள். அந்த மண்ணை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். உப்பிக்கொண்டு எழுந்தது.

ஆற்றங்கரையில் மணல்தான். நிழல் ஓடையில் கூழாங்கல். ஊர் முழுக்கப் பனி மூடிக் கிடக்கிறது. இந்த மண் வெளியே தெரிகிற இடம் இப்போது ஒன்றே ஒன்றுதான்.

பழைய அழுக்காக இருக்கும். இலையுதிர் காலத்தில் ஒட்டியது.

இந்த பூட்ஸை கிறிஸ்துமஸுக்குத்தானே வாங்கினோம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

வேட் கூரையில் ஏறிப் பனி தள்ளிக்கொண்டிருந்தான். நான் பான்கேக் சுட்டேன். ஜூனி அதன் மேல் ப்ளூபெர்ரிகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். என்ன இது என்று கேட்டேன். தூங்குற மான் என்றாள்.

"இது பட்டாணி. இது கோணக்காது. இது பெரியம்மா, அதுக்குக் கோவம் வரும்."

எங்கே பார்த்தாய் என்று கேட்டேன்.

"காஞ்ச மலையில. நாங்க தினமும் போவோமே. அப்பா சாவி போட்டுத் திறப்பாரு. மெதுவாப் போனா அதுங்க தூங்கிட்டே இருக்கும்." பிறகு ஒரு பெர்ரியை நசுக்கினாள். "அன்னைக்கு மட்டும் எல்லாம் எழுந்து நின்னுடுச்சு. ஓடிப் போச்சு. அம்மா, நான் தும்மினேன். அதனாலயா ஓடுச்சு?"

பான்கேக் கருகும் வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

இல்லடி கண்ணு, உன்னால இல்ல என்றேன். அவள் நம்பவில்லை. அப்பா அழுதார் என்றாள். சைக்கிள் சக்கரம் சுற்றாமல் மண் அடைத்துக்கொண்டதாம். அப்பா அதைத் தூக்கிக்கொண்டாராம், அவள் நடந்தாளாம், பூட்ஸ் கனமாகிவிட்டதாம். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றாராம்.

கூரையிலிருந்து பனி தொப் தொப்பென்று விழுந்துகொண்டே இருந்தது. மேலே நிற்கிற ஆள் யார்? நான் கட்டிக்கொண்டவனா?

பிப்ரவரி 2, திங்கள்

பிள்ளைகள் இரண்டும் மத்தியானம் தூங்கும்போது களிமண்ணை ஒரு தட்டில் வைத்து மேஜை மேல் வைத்தேன். வேட் வந்தான். பார்த்தான். உட்கார்ந்தான். என்ன இது என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒரு தடவைதான், பிரென்."

"ஜூனி மானுக்கெல்லாம் பேரு வெச்சிருக்கா."

அதற்கு மேல் அவன் பொய் சொல்லவில்லை. விடிகாலையில் தரை கல்லாக உறைந்திருக்கும், தடமே விழாது, மான்கள் தலையைக்கூடத் தூக்காது, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தானாம். அன்றைக்கு மட்டும்தான் தரை இளகியிருந்ததாம். 'உறையவில்லை, போகாதீர்கள்' என்று நான் ஊருக்கே எழுதிய அன்றைக்கு. எனக்கு அந்தத் தகவலைச் சொன்னதே அவன்தான். திரும்பி வந்து சொன்னான். சொல்லிவிட்டுச் சைக்கிளைக் கழுவினான்.

வேலியில் மான் சிக்கியது அப்போது தெரியாது என்கிறான். நம்புகிறேன். நம்புகிறேனா?

வியாழக்கிழமை குழுக் கூட்டம். அதற்குள் மார்ட்டாவிடம் நீயே சொல்லிவிடு என்றேன். ரஸ்ஸின் பெயரை ஊரே மென்று துப்புகிறது. சரி, சொல்கிறேன் என்றான்.

பிப்ரவரி 4, புதன்

சொல்லவில்லை. நாளைக்குக் கூட்டத்திலேயே சொல்வானாம், எல்லாருக்கும் ஒரே தடவையாக. அதுவும் சரிதான் என்று பட்டது. ரஸ்ஸின் கராஜ் கதவில் யாரோ சாம்பல் நிறக் களியை அப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பிப்ரவரி 5, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் கூட்டம். பச்சை மிளகாய் ஸ்டூவும் சோள ரொட்டியும் வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை. ஜூனியை வேட்டின் தங்கை வீட்டில் விட்டிருந்தோம்; ஓட்டிஸ் என் நெஞ்சோடு கட்டியிருந்தான். மார்ட்டா தான் பார்த்ததைச் சொன்னார். படம் காட்டவில்லை, வாயால்தான் சொன்னார். அதுவே போதும். முன் வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு எல்லாரும் ரஸ்ஸைப் பார்த்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னையே பாக்கறீங்க. என் முதுகைப் பத்தி இந்த ஊர்ல தெரியாதவங்க யாரு? பால் கேனைத் தூக்கவே என் பொண்டாட்டியைக் கூப்பிடறவன் நான். சைக்கிளை கேட்டுக்கு மேல தூக்கிப் போட்டேனாம்," என்றார். "கேட்டுக்கு அந்தப் பக்கம் பனியில சைக்கிள் விழுந்த அடையாளம் இருந்துச்சா, மேடம்? போய்ப் பாருங்க. பூட்டைத் திறந்து போயிருக்கான். சாவி தலைவர்கிட்டதான் இருக்கு, எங்கிட்ட இல்ல."

யாரோ சிரித்தார்கள். பழியைத் தலைவர் மேலேயே போடுகிறாரே என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் வேட்டைப் பார்த்தேன். இப்போது சொல்வான். இதோ வாயைத் திறக்கிறான். அவன் தண்ணீர் குடித்தான்.

ரஸ்ஸைப் பாதை வேலையிலிருந்து நீக்குவது, பனி வண்டியைத் திரும்ப வாங்குவது, இனி அவர் குழுவின் எந்தப் பாதையிலும் வரக் கூடாது — இதுதான் தீர்மானம். தலைவர்தானே வாக்கெடுக்க வேண்டும். வேட் எழுந்து, சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றான். பேப்பரைப் பார்த்துப் படிக்கிற குரலில்.

கைகள் எழுந்தன.

அவனும் தூக்கினான்.

என் புருஷன். அந்தக் கை. அந்தக் கையால்தான் சத்தியம் பண்ணினான். அந்தக் கையால்தான் பூட்டைத் திறந்தான். ஓட்டிஸின் மூச்சு மட்டும் நெஞ்சில் தெரிந்தது.

நானும் கை தூக்கினேன். எண்ணிக்கொண்டு வந்தவர் என்னையும் சேர்த்து எண்ணிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நான் கையை இறக்கவில்லை. பாதியில் அவர் திரும்பி, பிரென்னா, உன்னை எண்ணிட்டேன்மா, கையைப் போடு என்றார்.

"இது ஓட்டு இல்ல," என்றேன். "நான் பேசணும்."

எழுந்து நின்றேன். "அது எங்க வீட்டு சைக்கிள்."

அவ்வளவுதான் சொல்ல வந்தது. இன்னும் எண்ணாத வரிசைகளில் கைகளெல்லாம் தூக்கியபடியே இருந்தன; இறக்க எல்லாருக்கும் மறந்துவிட்டது. முதலில் பேசியது ரஸ்தான்.

"கையை இறக்குங்கப்பா. வலிக்கப் போகுது."

பிப்ரவரி 6, வெள்ளி

ஏன் கை தூக்கினாய் என்று கேட்டேன். "எல்லாரும் தூக்குனாங்க. நான் மட்டும் தூக்கலேன்னா தெரிஞ்சிடும்," என்றான். ஒரு மனுஷனின் பெயரை மண்ணில் புதைக்க அவ்வளவுதானா காரணம்? கத்திவிட்டேன். ஜூனி ஹாலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளை உள்ளே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டேன். பூட்டுப் போட்டவன் நீ, பலகை நட்டவன் நீ, ஏன் அங்கே போனாய்? அப்போதுதான் அவனும் கத்தினான். கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை.

"ஐஸ் இல்லாத இடத்துக்குப் போன்னு சொன்னது யாரு? ஒரு துளிகூட இருக்கக் கூடாதுன்னு சொன்னே. தினமும் வாசல்ல நின்னு கேட்டே. நீதானே எல்லாப் பாதையையும் எழுதறே? இந்த மாசத்துல ஐஸ் இல்லாத இடம் எதுன்னு நீயே சொல்லு, பிரென். சொல்லு."

தினமும் மூன்று வரி எழுதினேன். ஆற்றங்கரை, நிழல் ஓடை, சாம்பல் சரிவு. காலை வெயில் எட்டாத ஆற்றங்கரையில் காய்ந்த தரை ஏது? 'காஞ்ச தரை' என்று அவன் சொன்னபோது நான் ஏன் யோசிக்கவில்லை? யோசிக்க விரும்பவில்லை. தூக்கம் வேண்டியிருந்தது. அவள் மோவாய் முழுசாகத் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது.

இதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. 'ஐஸ் இருக்கு, வீட்டிலேயே இருக்கோம்' என்று ஒரு நாள் சொல்லியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லையாம். என் முகம் அப்படியா இருக்கிறது?

பிப்ரவரி 7, சனி

வேட் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். நான் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

வேட் சாவியையும் தலைவர் பதவியையும் ஒப்படைத்துவிட்டான். அபராதமும் உண்டு. பிறகு மார்ட்டாவோடு சரிவுக்குப் போயிருக்கிறான், எங்கே எப்படி ஓட்டினான் என்று காட்ட. அங்கிருந்து நேராக இங்கே வந்தான். பூட்ஸைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நானும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன், வீட்டுச் சூடெல்லாம் வெளியே போயிற்று.

அந்த மான்கள் சினையாக இருந்தனவாம். மார்ட்டா கீறிப் பார்த்தாராம்.

"ஒவ்வொண்ணுக்குள்ளயும் ரெண்டு ரெண்டு," என்றான். உள்ளங்கையை விரித்து அளவு காட்டினான். ஓட்டிஸின் பாதத்தை விடக் கொஞ்சம் பெரிது.

உள்ளே வா என்றேன்.

பனி போனதும் அந்த முள்கம்பி வேலியைத் தன் கையாலேயே பிடுங்கிச் சுருட்டப் போகிறானாம். மார்ட்டா சொல்லவில்லை, இவனாகவே கேட்டிருக்கிறான். ஜூனியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டான். தும்மலால் ஓடவில்லை, அப்பா போகக் கூடாத இடத்துக்குப் போனதால் ஓடின என்று சொன்னான். பட்டாணி இருக்கா என்று கேட்டாள். தெரியாது என்றான். உண்மை அதுதான்.

பிப்ரவரி 13, வெள்ளி

கடையில் முன்பு போல யாரும் நின்று பேசுவதில்லை. ஓட்டிஸைக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. பாதை நிலையை இனி நான் எழுத வேண்டாம் என்று ஒரு செய்தி, நன்றி என்ற சொல்லோடு. நியாயம்தான். ஆனாலும் காலையில் விரல் பரபரக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

ரஸ் வந்தார். பனி வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் ஹார்ன் அடித்தார். வேட் வெளியே போனான். நான் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

வேட் மன்னிப்புக் கேட்டான். முழுசாகக் கேட்டான், ஏன், எதற்கு என்று இழுக்காமல். ரஸ் அவன் முடிக்கும் வரைக்கும் இருந்தார்.

"நீ மலையில ஓட்டினது மானுக்கும் உனக்கும் உள்ள கணக்கு. எனக்கு எதிரா கை தூக்கின பாரு, அதை நான் மறக்க மாட்டேன்," என்றார். "மறக்கலைன்னா பேச மாட்டேன்னு அர்த்தம் இல்ல. இந்த ஊர்ல பேசறதுக்கு வேற யாரு இருக்கா?"

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "ஒட்டுக் கேட்டது போதும், அம்மணி, வெளிய வாங்க," என்றார். போனேன். ஒரு காகிதப் பையை நீட்டினார். உள்ளே முள்பட்டை, பூட்ஸுக்கு மேல் மாட்டுவது. ஜூனியின் கால் அளவில் எங்கேயும் விற்பதில்லை. பெரியவர்களுடையதை எடுத்துச் சங்கிலியை வெட்டிச் சின்னதாக்கியிருக்கிறார். ரப்பரையும் குறைத்துத் தைத்திருக்கிறார்.

"மானுக்கு இது வேண்டாம். உங்க வீட்டுக் குட்டிக்கு வேணும்," என்றார்.

எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை? ஐஸ் இருக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கத் தெரிந்தது. மண்ணைக் கையில் வைத்து எந்த மண் என்று சொல்லத் தெரிந்தது. குழந்தையின் காலுக்கு ஒரு சங்கிலி தோன்றவில்லை.

பை ஒரு வாரம் அலமாரியில் இருக்கட்டும். உடனே முடியாது.

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

பாதை நிலையை இப்போது எழுதுவது யார் என்று தெரிந்தது. குழுவில் கெஞ்சிக் கேட்டிருக்கிறார்கள். இன்று காலை வந்தது இது:

'ஆத்தங்கரை: நான் காலையில அமுக்கி வெச்சிருக்கேன், மத்தியானம் வெறும் பூட்ஸோட வந்து குழி போடாதீங்க. நிழல் ஓடை: ஐஸ். விழுந்தா என்னைக் கேக்காதீங்க. சாம்பல் சரிவு: மூடியிருக்கு. மூடியிருக்குன்னா மூடியிருக்கு. எனக்கும் பிடிக்கல.'

இரண்டு மாதத்தில் இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். ஓட்டிஸ் பயந்துபோய்ப் பார்த்தான்.

ஜூனி கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். இத்தனை நாளாக வேட் அவளை வாசல் பனியைத் தாண்டி எங்கும் அழைத்துப் போகவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. இன்று கேட்டான். சைக்கிள் வேண்டாம், நடந்து, நிழல் ஓடைக்கு.

"ஐஸ் இருக்கா?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான்.

"இருக்கு. ஓடை முழுக்க இருக்கு. பாலத்துக்கிட்ட ரொம்ப மோசம். அங்க அவளைத் தூக்கிப்பேன்."

அலமாரியைத் திறந்தேன். கீழே உட்கார்ந்து அவளுடைய சின்ன பூட்ஸுக்கு மேல் முள்பட்டையை நானே மாட்டினேன். ரப்பர் இறுக்கமாக இருந்தது, விரல் வலித்தது. மரத்தரையில் டக் டக்கென்று நடந்து காட்டினாள். தரை கீறும் என்று யாரும் சொல்லவில்லை.

போனார்கள். நான் ஜன்னலுக்குப் போனேன். பாத்திரம் கழுவினேன். மறுபடி ஜன்னலுக்குப் போனேன்.

வந்தார்கள். அவள் மோவாயைப் பார்த்தேன், அந்தப் பழைய கோடு மட்டும்தான். வேட் அவள் பூட்ஸைக் கழற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான், நான் பார்ப்பேன் என்று தெரிந்து. அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக விழுந்தது.

வெறும் தண்ணீர்.